சீனரின் வயிறு நீவும் வைத்தியம்

நோவுண்டான இடத்தை நாடிக் கை செல்லுதல் மக்கள் இயல்பு. வயிற்றுவலியால் அழும் பிள்ளையின் வயிற்றைத் தாய் தடவிவிடுவது எந்த நூலையும் கற்றன்று. இந்த இயற்கைச் செயலை ஒரு கலையாக வளர்த்து, நூலில் எழுதி, அரசாங்கக் கழகத்திலும் வைத்துக் கற்பித்தவர்கள் சீனர். அரசின் ஆதரவை இழந்த பின்னும் அக்கலை அழியாது நின்ற வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1973 ஆம் ஆண்டில், ஹூனான் மாகாணத்து மவாங்துய் என்னுமிடத்திலுள்ள பழஞ் சமாதியொன்றிலிருந்து ஓவியந் தீட்டிய பட்டுச்சீலை ஒன்று எடுக்கப்பட்டது. அச்சமாதி கி. மு. 168 இல் மூடப்பட்டது. சீலையில் 44 உருவங்கள் உள்ளன. ஆணும் பெண்ணும், முதியோரும் இளையோரும் உடலை வளைத்தும் நீட்டியும் பயிற்சி செய்கின்றனர். 'தாவோயின்' எனப்படும் இப்பயிற்சிக்கு உடன்பிறப்பாக வளர்ந்ததே நீவுங் கலை.

சீன வைத்தியத்தின் மூலநூலாகிய 'மஞ்சட் பேரரசரின் அகநூல்' இக்கலைக்குக் காரணமுங் கூறுகின்றது. குடலிடத்தே குளிர் தங்கி இரத்தவோட்டத்தைத் தடுத்தால் வலி பிறக்கும். அவ்விடத்தை அழுத்தினால் இரத்தமும் 'சி' என்னும் உயிராற்றலும் கலைந்தோட, வலி தணியும் என்பது அதன் கருத்து. 'சி' என்பதை நம் நூல்கள் கூறும் பிராணனுக்கு ஏறக்குறைய ஒப்பிடலாம். அழுத்த அழுத்த மிகும் வலியும் உண்டென்றும், அதனைத் தொடலாகாதென்றும் அந்நூல் எச்சரிக்கின்றது. கைவைக்கும் இடத்தோடு கைவைக்கக் கூடாத இடத்தையுங் கூறியமையே அந்நூலின் பெருமை எனலாம்.

தாவோ நெறியினர் வயிற்றுக்குத் தனிச் சிறப்புக் கொடுத்தனர். தொப்புளின் கீழுள்ள பகுதியை 'தான்தியன்', அதாவது சாதிலிங்க வயல் என்றனர். உயிராற்றல் அங்கே சேமிக்கப்படுகின்றது என்பது அவர் கொள்கை. ஆதலின் வயிற்றை நீவுதல் அவர்க்கு நோய்க்கு மருந்தாக மட்டுமன்றி நீண்ட ஆயுளுக்கு வழியாகவும் இருந்தது.

தாங் வமிசத்தார் ஆண்ட காலத்தில் (கி. பி. 618 - 907) அரச வைத்தியக் கழகத்தில் மருந்து, ஊசி, நீவுதல், மந்திரம் என நான்கு துறைகள் விளங்கின. நீவுதற்றுறைக்கு ஒரு பேராசிரியரும், 4 ஆசிரியர்களும், 15 மாணவரும் நியமிக்கப்பட்டிருந்தனர். அக்காலத்து வாழ்ந்த தாவோ நெறி வைத்தியர் சுன் சிமியாவ், கி. பி. 682 இல் மறைந்தவர். மனித உயிர் ஆயிரம் பொன்னினும் பெரிதென்று கருதித் தம் நூலுக்கு அப்பொருளிலேயே பெயரிட்டார். உண்டவுடன் படுத்தல் ஆகாது, சிறிது உலாவ வேண்டும், வயிற்றைப் பலநூறு முறை நீவுவித்தால் உணவு எளிதிற் செரிக்கும் என்பது அவர் உபதேசம்.

நாம் மகிழத்தக்க செய்தியொன்றும் அந்நூலில் உண்டு. தாவோ நெறியின் முதல்வராகிய லாவோ ட்சுவின் பெயரால் வழங்கிய நீவுமுறையோடு, பாரத நாட்டு முறையென்றும் பிராமணர் முறையென்றும் பெயர் குறித்து, 18 அசைவுகள் கொண்ட மற்றொரு முறையையும் அவர் எழுதிவைத்தார். பிறநாட்டது என்று தள்ளாது, தம்மது என்று மறைக்காது, பெயரிட்டுப் போற்றிய அப்பெரியாரின் நேர்மை வியக்கற்பாலது.

ஆயின் காலம் ஒருபடித்தாய் நில்லாது. மிங் வமிசத்தார் காலத்தில், 1571 இல், அரச கழகத்திலிருந்து நீவுதற்றுறை நீக்கப்பட்டது. கலையோ நீங்கவில்லை. 1601 இல் வெளிவந்த ஊசிவைத்தியப் பெருநூலொன்றிற் குழந்தைகளை நீவும் முறை இடம்பெற்றது. 1735 இல், பாங் காய் என்பவர் கற்பித்த வயிறு நீவும் முறையை யான் வெய் என்பவர் எழுத்தில் அமைத்தார். அது ஒன்பது படிகள் கொண்டது. இரு கைகளின் நடுமூன்று விரல்களால் நெஞ்சுக்குழியை 21 முறை வட்டமாக நீவுதல் முதற்படி. பின்னர் அடிவயிறுவரை இறங்கி, இருபக்கமும் ஏறி, தொப்புளைச் சுற்றி வலக்கையாலும் இடக்கையாலும் 21 முறை நீவ வேண்டும். இறுதியிற் சம்மணமிட்டிருந்து மேலுடலைச் சுழற்ற வேண்டும். கருவுற்ற மகளிர் இதனைச் செய்யலாகாது என்ற விலக்கும் உண்டு.

1929 இல் சீன அரசாங்கத்தின் முன் பழைய வைத்தியத்தையே ஒழிக்கும் பிரேரணை வந்தது. வைத்தியர்கள் ஷாங்காய் நகரிற் கூடி எதிர்த்தனர். அதே நகரில் 1956 இல் நீவுங் கலைக்குப் பயிற்சி வகுப்புத் தொடங்கியது. பின்னர், 1944 இற் பாங்கொக்கிற் பிறந்த மந்தாக் சியா என்னுஞ் சீன வமிசத்தவர், 'சி நெய் சாங்' என்ற பெயரில் வயிறு நீவும் முறையை மேனாட்டார்க்குக் கற்பித்தார்.

இக்காலத்தறிவு கொண்டு இதனை எங்ஙனம் மதிப்பது? மலச்சிக்கலுக்கும் மனவிறுக்கத்திற்கும் மெல்ல நீவுதல் ஆறுதல் தரலாம். 'சி' என்னும் ஆற்றலை விஞ்ஞானம் நிறுவவில்லை. கடும் வயிற்றுவலியோடு காய்ச்சலோ இடையறா வாந்தியோ தோன்றினால் நீவிக்கொண்டிராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். தொடக்கூடாத வலி உண்டென்று பண்டைச் சீனநூலே கூறவில்லையா?

இளைஞர்களே! அரசு கைவிட்ட கலையைக் காத்தது எழுத்து. நம் முதியோர் கைகளிலும் எழுதப்படாத அறிவு பல உண்டு. அவர் இருக்கும்போதே கேட்டு, பயனையும் விலக்கையும் ஒருங்கே எழுதிவைப்போமாக. பின்வருவோர் அதனை ஆராய்ந்து கொள்வன கொள்வர், தள்ளுவன தள்ளுவர். எழுதாது விட்டால் அவர்க்கு ஆராய்தற்கும் ஒன்றுமிராது.