துண்டும் தண்டனையும்: தோட்டத்தை விட்டு நீங்குதல் குற்றமாயிருந்த காலம்

ஒரு செயல் தன் இயல்பினாலேயே குற்றமாகின்றதா, அன்றிச் சமூகம் அதனைக் கண்டிப்பதனாற் குற்றமாகின்றதா? கண்டிப்பதனாலேயே குற்றமாகின்றது என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டுர்க்கைம் 1893 இல் முன்வைத்த கருத்தாகும். ஆயின், கண்டிக்கும் அச்சமூகத்தில் யாருடைய குரல் சட்டமாகின்றது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. இதற்கு விடை காண இலங்கைத் தோட்டங்களின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், தோட்டத் தொழிலாளியின் வேலையை மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமாகக் கொண்டது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல், பணிய மறுத்தல், துரையிடம் மரியாதையீனமாக நடத்தல் ஆகியன அச்சட்டப்படி தண்டத்திற்கும் மூன்று மாதம் வரையிலான சிறைக்கும் உரிய குற்றங்களாயின. ஒப்பந்த மீறல் எனக் குடியியல் வழக்கில் தீர்க்கத்தக்க ஒன்று, திருட்டுக்கு நிகராக நீதவான் முன் நிறுத்தப்பட்டது.

முறைப்படி அறிவித்து நீங்கவும் வழி எளிதாக இருக்கவில்லை. தமிழகத்திலிருந்து வந்த வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கிற் கடனாக ஏறியிருந்தன. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. ஆட்பற்றாக்குறையுள்ள தோட்டம் அக்கடனை ஏற்று ஆளைப் பெற்றுக்கொண்டால் அது வணிகம். அதே தொழிலாளி துண்டின்றித் தானே இடம்பெயர்ந்தால் அது குற்றம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர்ச் செய்கை பரவியபோது ஆள்தேவையும் முன்பணமும் உயர, கடன் மேலும் பெருகிற்று. கலவானையை உள்ளடக்கிய சப்பிரகமுவ மாகாணமும் இறப்பர் பரவிய பகுதிகளுள் ஒன்றாகும்.

ஈண்டு ஓர் ஒப்பீடு கருதற்பாலது. வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிடும் முறையை இங்கிலாந்து 1875 இல் நீக்கிவிட்டது. அவ்வாட்சியின் கீழிருந்த இலங்கையிலோ அம்முறை மேலும் நாற்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது. 1919 இல் தொழிலாளர் நலன் பேணும் அமைப்பொன்றை நிறுவிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் தண்டனை விதிகளை நீக்குமாறு போராடினர். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டு முறையையும் அவ்விதிகளையும் ஒழித்தது.

செயல் மாறவில்லை, அதன் பெயரே மாறிற்று. வாழ வழிதேடி மலையிறங்கியவன் முன்னர்க் குற்றவாளி. பின்னர் வேலை மாறும் தொழிலாளி. அக்காலச் சிறைப் பதிவுகளை நோக்கும் வரலாற்று மாணவர் இதனை மறத்தல் ஆகாது. அப்பதிவுகளில் உள்ளோரையெல்லாம் ஆராயாது குற்றவாளிகள் எனக் கணக்கிடுதல், 1921 இல் சட்டமே கைவிட்ட தீர்ப்பை மீண்டும் எழுதுவதாகவே முடியும்.