இரவல் குழியும் சொந்தச் சரக்கும்

"நம்மூரிலே தொழில் தொடங்கணும்னா டேனரி வெச்சிருக்கிற குடும்பத்திலே பிறந்திருக்கணும். இல்லேன்னா கோடிக் கணக்கிலே முதல் வேணும். நமக்கெல்லாம் எங்கே?"

கல்லூரிப் படிப்பை முடிக்கும் தம்பி தங்கைகள் பலரிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். மேல்விஷாரத்திலும் அதைச் சுற்றியும் இன்று நிற்கும் பெரிய கட்டடங்களையும் எந்திரங்களையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பாலாற்றங்கரையின் தோல் தொழில் வரலாறு வேறு கதை சொல்கிறது. சிறிய முதலோடு வீட்டிலிருந்தே தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு, குறிப்பாக நம் மாணவிகளுக்கு, அந்தக் கதையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டையும் இந்த மலரின் வழியே பகிர்ந்துகொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரயிலும் ஆவாரம் பட்டையும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து ஓடியது. அது எங்கே வந்து நின்றது தெரியுமா? நம் பக்கத்து வாலாஜா ரோட்டில்! சென்னைத் துறைமுகத்துக்கும் நமக்கும் இடையே சரக்குப் போக்குவரத்துக்கு அன்றே வழி பிறந்துவிட்டது எனலாம்.

அன்றைய தோல் பதனிடும் முறை எளிமையானது. வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, முடி எடுத்து, சதை சீவி, பிறகு ஆவாரம் பட்டைத் தண்ணீரில் வாரக் கணக்கில் ஊறவிடுவார்கள். கடைசியில் கடுக்காய், அதன்பின் எண்ணெய். பட்டையும் கடுக்காயும் உள்நாட்டிலேயே கிடைத்தன. எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. குழி, கிணறு, கைத்திறன் இவைதான் மூலதனம். இப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் சென்னையிலிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்தில் விலை போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுகளுக்கு இந்தத் தோல் தேவைப்பட்டதால், அதன் வியாபாரத்தையே அரசாங்கம் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது என்றால் அதன் மதிப்பை நாம் ஊகிக்கலாம்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெருமையில் பெரும் பங்கு குழியில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு உரியது. சுண்ணாம்பிலும் பட்டைத் தண்ணீரிலும் கை கால் வெந்துபோக உழைத்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். தோல் தொழிலின் வரலாற்றை அவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது.

கையில் காசில்லாதவன் எப்படி வியாபாரி ஆனான்?

பதனிடும் முறை எளிது என்றாலும் தோல் வாங்கப் பணம் வேண்டும். வாரக் கணக்கில் குழியில் கிடக்கும் சரக்கு அதுவரை காசாகாது. சிறு முதல்காரர் என்ன செய்வார்? இங்கேதான் சென்னை பெரியமேட்டுக் கமிஷன் மண்டிகள் வருகின்றன. மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். பதனிட்ட தோல் அவர் மூலமாக விற்கும். முன்பணத்தையும் கமிஷனையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். இதிலே சுரண்டலும் இருந்தது, சந்தேகமில்லை. ஆனாலும் பேங்க் வாசலை மிதிக்க முடியாத ஒருவர் வியாபாரத்தில் கால் வைக்க இதுவும் ஒரு வழியாக இருந்தது.

இரண்டாவது வழி இன்னும் சுவையானது. சொந்த டேனரி இல்லாதவர் தோலை மட்டும் வாங்கி, இன்னொருவர் டேனரியில் கூலி கொடுத்துப் பதனிட்டுக்கொள்வார். இன்று நாம் 'ஜாப் ஒர்க்' என்று சொல்வது இதைத்தான். குழி அவருடையது, தோல் இவருடையது. அவருக்குக் குழி சும்மா கிடக்காது. இவருக்குக் குழி வெட்டும் செலவு மிச்சம். குழி போய் டிரம் வந்த பிறகும் இந்த ஏற்பாடு போகவில்லை. டேனரி முதலாளி பலரின் டிரம்மில் வெளியார் சரக்கு ஓடுவது பாலாற்றுப் பகுதியில் சர்வ சாதாரணம். இப்படித் தொடங்குகிறவருக்குத் தனி ஆபீஸ் ஏது? வீடுதான் ஆபீஸ், கணக்கு நோட்டுதான் கம்பெனி.

நம் கல்லூரியின் பெயரில் நிலைத்திருக்கும் சி. அப்துல் ஹக்கீம் அவர்களும் தோல் வணிகத்தில் வளர்ந்தவரே. 1863ல் மேல்விஷாரத்தில் பிறந்து, சென்னையில் தோல் வணிகராகப் பெரும் பொருள் ஈட்டி, அதை வாரி வழங்கி, 1938ல் மறைந்தார். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர்கள் தங்க அவர் கட்டிய சித்தீக் சராய் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. 1918ல் தோன்றிய மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1965ல் நம் கல்லூரியைத் தொடங்கியபோது அவர் பெயரையே சூட்டியது. தோலில் வந்த பணம் இந்த ஊரில் பள்ளியாகவும் கல்லூரியாகவும் மாறியது என்றால் மிகையாகாது.

இதே ஏற்பாட்டை இத்தாலியிலும் பார்க்கலாம். டஸ்கனி மாநிலத்தில் சாந்தா குரோச்சே என்ற ஊர். அங்கும் சிறுசிறு டேனரிகள்தான் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. எல்லா வேலையையும் ஒரே கம்பெனி செய்வதில்லை. ஒருவர் சீவுவார், ஒருவர் சாயம் ஏற்றுவார், ஒருவர் மெருகிடுவார், எல்லாம் கூலிக்கு. சிறியவர்கள் சேர்ந்து நின்றதால் அந்த ஊர் உலகச் சந்தையில் பெயர் எடுத்தது.

வேலை வீட்டுக்கு வந்த கதை

1970களின் தொடக்கத்தில் காற்று மாறியது. பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்தால் லாபம் வெளிநாட்டுக்காரனுக்கே போகிறது என்று கண்ட மத்திய அரசு, சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி அந்த ஏற்றுமதிக்கு 1973 முதல் வரம்பு கட்டியது. முழுதாக மெருகேற்றிய தோல், ஷூ, ஷூவின் மேல்பாகமான அப்பர், இவற்றுக்கு ஊக்கம் கொடுத்தது. வாரக் கணக்கில் ஊறும் ஆவாரம் பட்டை பின்னுக்குப் போய், சில நாட்களில் வேலை முடியும் குரோம் முறை முன்னுக்கு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகள் பெருகின.

ஷூ கம்பெனியின் வேலையில் ஒரு பகுதி வீட்டுக்கு வந்தது. மொக்காசின் வகை ஷூவின் அப்பரை ஊசியும் நூலும் கொண்டு கையால்தான் தைக்க வேண்டும். ஏஜெண்ட் ஒருவர் வெட்டிய துண்டுகளையும் நூலையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து தைப்பார்கள். ஜோடிக்கு இத்தனை என்று கூலி. கண் வலி, முதுகு வலி, விரலில் ஊசிக் காயம் எல்லாம் அவர்கள் கணக்கில். ஆர்டர் இல்லாத மாதம் வேலையும் இல்லை.

இதற்கு முன்பே வேலூர், குடியாத்தம் பக்கத்து வீடுகளில் பீடி சுற்றும் வேலை இருந்தது. இலை, தூள், நூல் கொடுப்பது கான்ட்ராக்டர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று ஒதுக்கிய பீடிக்குக் காசு கிடையாது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். டேனரிக்குள் தோல் போட்ட சிறு வியாபாரிக்கு இடம் சொந்தமில்லை, சரக்கு சொந்தம். அதை யாருக்கு விற்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் இருந்தார். விலை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம், இரண்டும் அவரைச் சேர்ந்தவை. வீட்டில் அப்பர் தைக்கும் தாய்க்கோ இடம் சொந்தம், சரக்கு ஏஜெண்டுடையது. விலை சொல்லும் இடத்தில் அவர் இல்லை. கணக்கு நோட்டும் அவர் கையில் இல்லை. முன்னவர் செய்தது தொழில். பின்னவர் செய்வது கூலி வேலை, அது வீட்டுக்குள் நடந்தாலும் சரி. "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று நம்மிடம் யாராவது வந்தால் முதலில் இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கூலி வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்தக் கூலியால்தான். கூலி வேலை என்றால் தொழிலாளிக்கு உரிய உரிமை வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்கு அந்த வழி கொஞ்சம் திறந்தது. 1966ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. 1976ல் அவர்களுக்கான நல நிதிச் சட்டமும் வந்தது. 1972ல் எலா பட் அகமதாபாத்தில் தொடங்கிய 'சேவா' சங்கம் போன்றவை இடைவிடாமல் போராடியதன் பயனாக, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996ல் வீட்டு வேலையாளர்களுக்கென்றே 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இதுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

கணக்கில் எழுதாத செலவு

அதே 1996 நம் பகுதிக்கும் மறக்க முடியாத ஆண்டு. ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பாழாகிவிட்டது என்ற விவரங்கள் அந்தத் தீர்ப்பில் உள்ளன. கெடுத்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது நம் பாலாற்றை முன்வைத்துத்தான். டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

எத்தனையோ ஆண்டுகள் ஒவ்வொரு டேனரியின் கணக்கு நோட்டிலும் தோல் விலை இருந்தது, சுண்ணாம்பு விலை இருந்தது, கூலி இருந்தது. பாலாற்றின் விலை மட்டும் இல்லை. எழுதாத அந்தச் செலவை உழவரும், கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன வீட்டுக்காரரும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மொத்தமாக பில் வந்தது.

சிறிய டேனரிக்குத் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டக் கட்டுமா? கட்டாது. பழைய வழக்கம்தான் இங்கேயும் கை கொடுத்தது. பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தார்கள். மேல்விஷாரத்தின் 'விஷ்டெக்' அப்படி வந்ததே. ஈடு கொடுக்க முடியாத சிறு டேனரிகள் பல மூடின என்பதும் உண்மை. அதோடு கதை முடியவும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. செலவைக் கணக்கில் எழுதாமல் விட்டால் அது மறைந்து போவதில்லை, வேறு யார் தலையிலாவது விழுகிறது.

தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்

இன்று வீட்டிலிருந்து தையல், சமையல், தோல் பர்ஸ், பெல்ட் என்று எதைத் தொடங்கினாலும் மேலே சொன்ன வரலாறு மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது.

ஒன்று, சரக்கு யாருடையது? துணியையோ தோலையோ கொஞ்சமாவது சொந்தக் காசில் வாங்குங்கள். எந்திரம் இரவலாக இருக்கட்டும், பரவாயில்லை.

இரண்டு, விலையை யார் சொல்கிறார்? ஒரே ஏஜெண்ட், ஒரே கடை என்று இருந்துவிட்டால் விலை அவர் வாயில்தான். இரண்டாவது வாடிக்கையாளர் கிடைத்த அன்றுதான் பேரம் பேச முடியும்.

மூன்று, எல்லாச் செலவும் நோட்டில் இருக்கிறதா? கரண்ட், கேஸ், வீட்டு வாடகையில் ஒரு பங்கு, முக்கியமாக உங்கள் சொந்த உழைப்பு. அம்மாவும் தங்கையும் சும்மா உதவி செய்வதால் வருவது லாபம் ஆகாது, அது அவர்களுடைய எழுதாத கூலி. பாலாற்றுக்கு நடந்தது வீட்டுக்குள் நடக்க வேண்டாம்.

பெரியமேட்டு முன்பணத்தை மட்டும் நம்ப வேண்டிய காலம் போய்விட்டது. 2015ல் வந்த முத்ரா கடன் இருக்கிறது. சிறு தொழிலைப் பதிவு செய்யும் 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது, அதற்குக் கட்டணம் கிடையாது. மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களின் விவரம் கிடைக்கும். உணவுப் பொருள் விற்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் குழி வைத்திருந்தவர் குழி இல்லாதவருக்கு இடம் கொடுத்தார், கூலியும் வாங்கினார், இருவரும் பிழைத்தார்கள். இன்று நம் முன்னாள் மாணவர்களில் தையல் எந்திரம் சும்மா கிடப்பவர் உண்டு, தோல் துண்டுகள் மிஞ்சுபவர் உண்டு, சென்னையிலும் வளைகுடாவிலும் கடைக்காரர்களைத் தெரிந்தவர் உண்டு, ஜி.எஸ்.டி. கணக்குப் போடத் தெரிந்தவர் உண்டு. யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரித்து, இறுதியாண்டு மாணவ மாணவியர் கையில் கொடுப்போம். தர்மமாகத் தர வேண்டாம், நியாயமான கூலி வாங்கிக்கொண்டே தரலாம். அடுத்த சந்திப்புக்குள் அந்தப் பட்டியலை வைத்து நான்கு பேராவது சொந்தச் சரக்கோடு தொழில் தொடங்கியிருந்தால், அவர்கள் பெயரை அடுத்த மலரில் அச்சிடலாம்.