ஆற்றை காணி?

1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே வந்த எங்கடை ஆட்கள் பலருக்கு வடகோடி ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான் வேலை. அப்பாவுக்கும் அப்படியே. ஞாயிறுகளில் அயலவர் மலைவெளிக்குப் போவதைக் கண்டு அம்மா கேட்டா: “ஆற்றை காணி அது?” வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டாலே வழக்குக்குப் போகும் ஊரிலிருந்து வந்தவ.

பயிரிடாத நிலத்தில் எவரும் நடக்கலாம், குடியிருக்கும் வீடுகளுக்கு 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம் என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்னரே அது ஊர்வழக்கம். நான் படித்த சட்டங்களில் இதைப்போல் அழகானது வேறில்லை. அதை அறிந்த பிறகே அம்மா மலைச் சப்பாத்து வாங்கினா.

ஈஸ்டர் பனிநடைக்கு நோர்வேக்காரர் தோடம்பழம் கொண்டுபோவார்கள். நாங்கள் சம்பலும் பாணும் சேர்த்துக்கொண்டோம். ஆகஸ்டில் புளூபெரி, வாளி நிறையுமட்டும் அம்மா எங்களைத் திரும்ப விடமாட்டா.