அரக்கு, இலக்குவன், ஜாஸ்

பழைய 78 சுற்று ரிக்கார்டைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் கனம். அடுத்து வருவது பயம். பின்னால் வந்த வினைல் தட்டு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். இது விழுந்தால் ஓடுபோல உடையும். உள்ளே இருப்பது அரக்கு. முழுக்க அல்ல, கால் பங்கோ அதற்கும் குறைவோதான். மீதி கல்தூளும் பஞ்சிழையும். ஊசி பட்டதும் எழும் ‘கர்’ என்ற இரைச்சலுக்கு அந்தக் கல்தூளும் ஒரு காரணம். கறுப்பு கூட அரக்கின் நிறமில்லை, கரிப்பொடியின் நிறம். அரக்கு என்ன நிறம் என்று ராமநாதபுரம் ஜவுளிக்கடையில் அரக்குச் சேலை கேட்கும் எந்தப் பெண்ணும் சொல்வார்.

ஆங்கிலத்தில் இதற்கு ஷெல்லாக் என்று பெயர். ‘ஷெல்’ அவர்களுடையது, ‘லாக்’ நம் பக்கத்துச் சரக்கு. புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் அப்பிக்கிடக்கும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உருக்கித் தகடாக இழுத்துச் செதில்களாக உடைப்பதால் முன்னால் அந்த ‘ஷெல்’ சேர்ந்தது. வடமொழியில் லாக்ஷா, ராக்ஷா என்றும் ஒரு வடிவம் உண்டு. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வருவதைத் தமிழ் மரபு ஏற்காது. முன்னால் ஓர் உயிர் வேண்டும். க்ஷ என்பது க்க ஆகிவிடும். ராக்ஷா அரக்கானது அப்படித்தான். சிவப்பைக் குறிக்கும் ‘அர’ என்ற தமிழ்வேரிலிருந்தே வந்தது என்பாரும் உண்டு. எனக்கு முதல் வழியே பொருத்தமாகப் படுகிறது. ராமநாதபுரம் கடற்கரைப் பெயர்களே அதற்குச் சாட்சி. ராமன் இராமன், லங்கா இலங்கை, லக்ஷ்மணன் இலக்குவன், ராக்ஷஸன் அரக்கன். அரக்கனுக்கும் அரக்குக்கும் பொருளில் உறவில்லை. ஒரே பட்டறையில் அடித்த சொற்கள், அவ்வளவுதான்.

இந்தப் பிசின் போன தூரம் பெரிது. 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ பதிவு செய்தார். தொடக்கத்தில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் சரசரவென்று ஏறி இறங்கும். நாதசுர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைத் தட்டில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இருக்காது. இரண்டுக்கும் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். இரண்டும் அரக்கில்தான் பதிந்தன. அன்று உலகத்துக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போனது. 1942இல் போர்க் காரணமாக அமெரிக்க அரசு ஷெல்லாக்குக்குக் கட்டுப்பாடு போட்டதும், புதுத் தட்டுக்காகப் பழைய தட்டுகளைத் திருப்பிக் கேட்டு வாங்கினார்கள். எத்தனை நல்ல ஜாஸ் அப்படி உருகிப்போனதோ! இங்கே அரக்குக்குப் பஞ்சமில்லை. மேற்கே வினைல் வந்து பல ஆண்டுகள் கழிந்தும், 1960களில் கல்கத்தா டம்டம் ஆலை பீட்டில்ஸ் பாட்டைக்கூட 78 சுற்றுத் தட்டில் அடித்தது. சேகரிப்பவர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

ராமேஸ்வரம் பக்கம் சொந்தமாகக் கிராமபோன் வைத்திருப்பது சுலபமல்ல. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். இங்கே பலரும் பழைய தட்டுகளைக் கேட்டது கடலுக்கு அப்பாலிருந்து வந்த ரேடியோவில். அறிவிப்பாளர்கள் ‘இலங்கை வானொலி’ என்றார்கள். கேட்டவர்கள் ‘சிலோன் ரேடியோ’ என்றார்கள். 1972இல் நாடே பெயரை மாற்றிக்கொண்டது. பேச்சில் சிலோன் அப்படியே நின்றது.

தட்டின் பெயரும் அப்படித்தான். இசைத்தட்டு என்ற நல்ல சொல் எழுத்தில் இருந்தது. கல்யாண வீட்டில் குழாய் கட்டியவர்கள் போட்டது பிளேட்டு அல்லது ரிக்கார்டு. ராக்ஷாவையும் லங்காவையும் உயிர்போட்டு உள்ளே விட்ட பழைய விதி ரிக்கார்டு என்ற சொல்லிடம் தோற்றது. ‘இரிக்கார்டு’ என்று யாரும் சொல்லவில்லை. திருவிழா நோட்டீசில் ஊர் ‘இராமநாதபுரம்’ என்று இகரத்தோடு அச்சாகும். நாலு வரி கீழே ‘ரிக்கார்டு டான்ஸ்’ இகரம் இல்லாமல் வரும்.