கொச்சி யூதரும் அவரைப் பற்றிய நூல்களும்



தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலுக்கு அயலார் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிற்பத் தூண்களைக் கண்டு வியக்கிறார். எதிர்ப்பட்ட இருவரிடம் சில செய்திகளைக் கேட்கிறார். பின்னர் அவ்வூர் மக்களின் வரலாறு என்று ஒரு நூல் எழுதிவிடுகிறார். அதைப் படிக்கும் ஊரார், "எங்களுள் யாரைக் கேட்டு எழுதினீர்?" என்று வினவுவார்கள் அல்லவா? வரலாற்று நூல் எதனையும் மதிப்பிட அவ்வினா ஒன்றே நல்ல உரைகல்லாகும். சிறுகி வரும் ஒரு சமூகத்தைப் பற்றிய நூல்களுக்கோ அது இன்றியமையாதது. மறுத்துரைப்பதற்கு அங்கே ஆட்களும் குறைந்துவிடுகிறார்கள்.

நமக்கு அண்டையிலுள்ள கொச்சியில் வாழ்ந்த யூதரின் கதை இதற்குச் சான்று. சேர மன்னன் பாஸ்கர இரவி, இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் 72 விடுபேறுகளும் அளித்த செப்பேடு இன்றும் உள்ளது. அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழி பழந்தமிழுக்கு மிக அணுக்கமானது. அதற்குக் கி.பி. 379 என்று மரபு வழியாக ஆண்டு கூறினர். எழுத்தும் அரசன் பெயரும் கொண்டு ஆராய்ந்த அறிஞர், கி.பி. 1000 அளவினது என்று கண்டனர். ஆராய்ச்சி மரபின் பெருமையைக் குறைக்கவில்லை. அதனை உறுதியான நிலத்தில் நிறுத்தியது.

ஆனால் மக்களைப் பற்றிய செய்திகள் அத்துணை எளிதில் திருந்தவில்லை. 1686ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த பெரெய்ரா டி பைவா, கொச்சியில் சில நாளே தங்கினார். அவர் அறிக்கை 1687இல் அச்சேறியது. பிற்காலத்தில் குடியேறிய 'பரதேசி' யூதர் சொன்னதையே பெரிதும் கொண்டு, தொன்மையான மலபார் யூதரை அடிமைகளின் வழியினர் என்று அவர் எழுதினார். ஒரு சாராரின் கூற்று அச்சேறியதும் ஐரோப்பாவில் பலர் அதனை வரலாறாகவே கொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கொச்சிப் பகுதி யூதர் ஏறத்தாழ 2,500 பேர். அவருள் பரதேசிகள் நூற்றுவர் அளவினரே. மற்றையோர் எர்ணாகுளம், சேந்தமங்கலம், பறவூர், மாள முதலிய ஊர்களிலும் வாழ்ந்த மலபார் யூதர். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். எனினும், பின் வந்த நூல்கள் 1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசித் தொழுகைக்கூடத்தையே பெரிதும் சுற்றி வந்தன.

1993ஆம் ஆண்டில் இரு பெருநூல்கள் வெளிவந்தன. பேராசிரியர் சீகல் எழுதியது ஐரோப்பியரின் ஆவணங்களைத் திரட்டித் தந்த கருவூலம். நாதன் காட்சும் எலன் கோல்ட்பர்க்கும் எழுதியது, அம்மக்களிடையே தங்கிக் கண்ட வழிபாட்டையும் விழாக்களையும் விளக்குவது. இரண்டும் பயனுடையனவே. ஆயினும், சிறுபான்மைப் பரதேசிகள் முன்னே நிற்க, பெரும்பான்மையோர் பின்னே மங்கித் தோன்றும் குறையை நடுநிலையாளர் காணாமலிரார்.

அக்குறை நீங்க உள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது. ரூபி டேனியல் என்னும் பெண்மணி, பார்பரா ஜான்சனின் துணையுடன் தம் வாழ்க்கை நினைவுகளை 1995இல் வெளியிட்டார். பரதேசித் தொழுகைக்கூடத்தைச் சேர்ந்திருந்தும் அங்கே சம உரிமை பெறாத பிரிவில் பிறந்தவர் அவர். அவ்வுரிமைக்காக வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்தியடிகளின் வழியில் போராடினார். மற்றையோர் ஒரு பத்தியில் கூறிக் கடந்த இழிவு, ரூபியின் நூலில் ஒரு குடும்பத்தின் துன்பமாக நிற்கிறது. யூதப் பெண்டிர் குறிப்பேடுகளில் எழுதிக் காத்த மலையாளப் பாடல்களும் 2005இல் நூலாக வந்தன. ஆவணத்தில் இடம் பெறாத பெண்கள் பாட்டில் பேசினர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. காட்சு, கோல்ட்பர்க் நூலும், எட்னா பெர்னாண்டஸ் 2008இல் எழுதிய நூலும் தலைப்பிலேயே 'கடைசி யூதர்' என்கின்றன. கொச்சியில் விளக்குகள் அணைந்தது மெய்யே. ஆனால் அம்மக்களின் வழித்தோன்றல்கள் இஸ்ரேலில் நெவாத்திம் முதலிய ஊர்களில் வாழ்கிறார்கள். ஓர் ஊரை விட்டுச் சென்றோரை மறைந்தோர் என்று கொள்வது பொருந்துமா? இரங்கற்பா பாடும் அவசரத்தில் உயிரோடிருப்போரை மறந்துவிடலாகாது.

ஆதலின் மாணவர்களே, வரலாற்று நூல் ஒன்றைக் கையிலெடுக்கும்போது, ஆசிரியர் எத்தனை நாள் தங்கினார், யார் மொழியறிந்தார், யாரைக் கேட்டார், யாரைக் கேளாது விட்டார் என்று ஆராயுங்கள். நூலைப் பழிப்பதற்கன்று, அடுத்த நூல் நிறைவுடையதாக எழுவதற்கு. அதனை எழுதப்போகிறவர் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.