பஸ் தூரத்தில் ஒரு கல்லூரி

கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பதை மதிப்பெண் மட்டும் தீர்மானித்ததில்லை. தென்காசிப் பெண்ணுக்கு அன்று மகளிர் கல்லூரி என்றால் பாளையங்கோட்டை சாராள் தக்கர்; 50 கிலோமீட்டருக்கு மேல். விடுதிச் செலவு ஒருபுறம், “வயசுப்பிள்ளையத் தனியா எப்படி அனுப்ப?” என்பது மறுபுறம். விண்ணப்பம் வாங்கும் முன்பே அவள் கழிக்கப்பட்டாள்.

1964இல் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கியது. அறநிலையத் துறைக் கல்லூரி. சாமிக்குச் சேர்ந்த சொத்தில் பீடி சுற்றுகிறவளின் மகளுக்கும் ஒரு பங்கு. அருவியைப் பாடியவர்கள் இதைப் பாடவில்லை.

1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபின், பட்டத்துக்கு மதுரையை நம்பியிருந்த நிலை மாறி, நெல்லைக்கே வந்தது. 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. கல்லூரிச் சேர்க்கையின் வரலாற்றில் அந்த டிக்கெட்டையும் சேர்த்தே எழுதுவேன்.