எல்லை தாண்டி வரும் சரஸ்வதி

திருவனந்தபுரத்தில் நவராத்திரி கொலுவோடு தொடங்குவதில்லை, ஒரு பயணத்தோடு தொடங்குகிறது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து! மாற்றலாகி இங்கே வந்து குடியிருக்கும் என்னைப் போன்ற தமிழர்களுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம்தான் பழைய திருவிதாங்கூரின் தலைநகரம். அரண்மனையின் தேவாரக்கெட்டில் உள்ள சரஸ்வதி, கம்பர் பூஜித்து பிறகு சேர மன்னரிடம் ஒப்படைத்த சிலை என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. சுவாதித் திருநாள் மகாராஜா (1829-1846) காலத்தில் நவராத்திரி பூஜையும் இங்கே வந்தது. ஆனால் சரஸ்வதியை இங்கேயே வைத்துக்கொள்ளவில்லை. வருடா வருடம் அழைத்து வந்து, பூஜை முடிந்ததும் திருப்பி அனுப்புகிறார்கள்.

சரஸ்வதி யானை மேல் வருகிறாள். வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். கூடவே மன்னரின் உடைவாள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, சுமார் 55 கிலோமீட்டர் நடை.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சாமி புறப்படும் ஊர் ஒரு மாநிலம், போய்ச்சேரும் ஊர் வேறு மாநிலம் என்றாகிவிட்டது. ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளையில் இந்தப் பக்கத்து அதிகாரிகள் வழியனுப்ப, அந்தப் பக்கத்து அதிகாரிகள் வரவேற்கிறார்கள்.

இது எப்படி நீடிக்கிறது? பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். பலர் ஓரிடத்தில் கூடி ஒரே செயலைச் செய்யும்போது ஒரு பொதுவான உணர்ச்சி வேகம் பிறக்கிறது, 'நாம்' என்ற நினைப்பே அதிலிருந்துதான் வருகிறது என்று. கரமனை சாலையோரம் நின்று பாருங்கள், புரியும். தமிழ் பேசும் வீட்டுப் பாட்டியும் மலையாளிக் கடைக்காரரும் ஒரே நேரத்தில் கைகூப்புகிறார்கள். அப்போது 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று யாரும் கேட்பதில்லை.

கோட்டைக்குள் நவராத்திரி மண்டபக் கச்சேரியிலும் அப்படித்தான். அங்கே கைதட்டக்கூடாது. அத்தனை பேரும் சேர்ந்து மௌனமாக இருப்பதே ஓர் ஒட்டுதலைத் தருகிறது.

ஆனால் ஊரைச் சேர்க்கும் விழாவே சிலரை வெளியிலும் நிறுத்தும். அந்த மண்டபத்தில் பெண்கள் பாட 2006 வரை இடமில்லை. அந்த வருடம் முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போதே எண்பது வயதைத் தாண்டியவர். சுவாதித் திருநாள் பெயரில் உள்ள இசைக் கல்லூரியில் படித்து, அங்கேயே சொல்லிக்கொடுத்தவர். ஊர்வலம் எல்லை தாண்டியதும் வருகிற ஊர்தான் பாறசாலை. ஊர் வழியாகச் சரஸ்வதி வருடா வருடம் போனாள், பாடகிக்கு மட்டும் இத்தனை காலம் ஆயிற்று.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவருக்கு அது அடுத்தவர் திருவிழா. பூ தொடுத்தவருக்கும் சுண்டல் கொடுத்தவருக்கும் அது சொந்தத் திருவிழா. இடம் கிடைத்தால்தான் ஒட்டுதல் வரும். நம் சங்க விழாக்களிலும் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்பதோடு விடாமல், ஒரு வேலையைக் கொடுக்கலாம். அக்கம்பக்கத்து மலையாளி, கன்னடக் குழந்தைகளுக்கும் ஒன்று.

நவராத்திரிக்கு முதல் நாள் திருவனந்தபுரத்தில் இருந்தால், சாயங்காலம் குடும்பத்தோடு கரமனைப் பக்கம் வாருங்கள். பிள்ளை கையில் ஒரு பூத்தட்டு இருக்கட்டும்.